மூன்று விரற்கடை

சீப்பில் இருப்பது உதிர்ந்த முடியல்ல,
ஒடிந்த முடி.
உதிர்ந்ததற்கு ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருக்கும்
கடுகில் கால்வாசி.
இதற்கு இல்லை. நடுவில் முறிந்தது.
இப்போதெல்லாம் பார்த்ததும் சொல்லிவிடுவேன்,
கல்மண்டபத்தில் செவுளைத் தூக்கிப் பார்த்து
நேத்து மீன் என்று நகர்ந்துவிடுகிறவளைப் போல.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேர் கம்பிநார்.
பின்பெஞ்சு ஜெசிந்தா
என் தலையில் பென்சிலைச் செருகுவாள்.
பென்சில் நிற்கும்.
கணக்கு பீரியட் முழுக்க நிற்கும்.

பிறகு நகைக்கடை வேலை.
"கஸ்டமர் முன்னாடி நீட்டா இருக்கணும்மா"
என்றார் சூப்பர்வைசர், தலையை மட்டும் பார்த்து.
சுத்தமாகவா, நீளமாகவா என்று
நான் கேட்கவில்லை.
எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை மாடியில்
நாலு வருஷத்தில் ஐந்து முறை
கண்ணெரியும் மருந்தைத் தடவி
சூட்டுப் பட்டைக்குள் வைத்து இழுத்தார்கள்.
மூன்று நாள் அழுகின முட்டை வாடை.
தலை நனையக் கூடாது,
காதுக்குப் பின்னால் ஒதுக்கக் கூடாது,
மல்லாந்து தூங்கு.
தூங்கினேன்.

இப்போது தலையில் இரண்டு குடித்தனம்.
மேலே மூன்று விரற்கடைக்குச் சுருட்டை.
கீழே நேர்முடி, வாடகைக்கு வந்தது,
காலி பண்ணச் சொன்ன கோபத்தில்
ஆணியைப் பிடுங்கும்போதே சுவரையும் பெயர்க்கிறது.
இரண்டும் சேரும் இடத்தில்தான்
பட் என்று.

வெந்தயம் அரைத்துப் பூசிய அன்றைக்கு
மோட்டார் ரிப்பேர்.
மத்தியானம் வரை தலையில் ஆறிப்போன பொங்கலோடு
மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.
அதில்லாமல் கொருக்குப்பேட்டை போர் தண்ணீர்:
குழாய் வாய் உப்புப் பொரிந்து வெளுத்திருக்கும்,
சோப்பு நுரைக்காது, திரியும்.
லாரித் தண்ணீர் குடிக்க மட்டும்.
அதில் தினமும் ஒரு சொம்பு திருடி
கடைசியாக ஊற்றிக்கொள்வேன்.
சுகிர்தா அண்ணி குடத்தின் மட்டத்தைப் பார்ப்பாள்,
ஒன்றும் கேட்க மாட்டாள்.
ஒரு வெள்ளிக்கிழமை
குளியலறை வாசலில்
சொம்பு ஏற்கெனவே நிறைந்து இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முடிக்காரன் வந்தான்,
சைக்கிள் நிறைய அலுமினியச் சட்டி.
ஏழு மாதம் பாலித்தீன் பையில் சேர்த்ததை நீட்டினேன்.
ஒரு பிடி எடுத்தான், நீவினான்,
இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தான்.
"மருந்து போட்டதும்மா. எட்த்தா எனக்குத்தான் நஷ்டம்."
பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
என் உச்சியைப் பார்த்தான்,
ஆட்டைப் பார்க்கிற கசாப்புக்காரன் கண்ணால்.
"மேல வர்றது நல்ல முடி."

இருபத்தேழு வயதில்
என் சுருட்டையை நல்லது என்று சொன்ன முதல் ஆள்.
அவனும் விலை பேச வந்தவன்.
ஒரு டபராகூடக் கிடைக்கவில்லை.
அன்று முழுக்கச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

சாயங்காலமே கத்தரியை எடுத்து
அடியோடு வெட்டிவிட்டேன் என்று எழுத ஆசை.
வெட்டவில்லை. திங்கட்கிழமை கடை உண்டு.
மாதம் ஒரு அங்குலம், சம்பளத்தன்று,
சீட்டுப் பணம் கட்டுகிற மாதிரி.
மீதிக்கு இறுக்கின கொண்டை, எட்டு கிளிப்பு.

இன்றைக்கும் கேட் மூடிவிட்டார்கள்.
ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாக
ஒரு தொடையில் உட்கார்ந்து
சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணுகிறேன்.
கடல் பக்கமிருந்து பிசுபிசுவென்று காற்று.
கிளிப்புக்குத் தப்பி ஒன்று
நெற்றியில் விழுந்து சுருண்டுகொள்கிறது.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
உள்ளே தள்ள வேண்டும்.
கேட் திறக்கட்டும்.